மூணாவது விசில் வரவே இல்ல

"எல்லாம் சரி தம்பி, ட்விஸ்ட் எங்க?"

எங்க கடைசி வருஷக் குறும்படம் ஓடி முடிஞ்சு லைட்டைப் போட்டதும் வந்த முதல் கேள்வி இதுதான். மார்க் போட வந்தவர் கேட்டார். பின்னாடியே ஜூனியர் பசங்க கேட்டாங்க. வீட்டுல மாமாவுக்கு லேப்டாப்ல போட்டுக் காமிச்சேன். அவரும் அதையே கேட்டார்.

கேட்டவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. அந்தக் கேள்வி மேல இருக்கு. நிறையவே இருக்கு.

முதல்ல படத்தைச் சொல்லிடறேன். அப்பதான் கோபம் புரியும்.

பாளையங்கோட்டையில ஒரு பழைய ஓட்டு வீடு. ஆச்சி தனியா இருக்காங்க. பென்ஷன் வாங்கின மறுநாள். தெருவுல கீரைக்காரம்மா குரல் கேட்டு ஆச்சி வாசலுக்குப் போற நேரமாப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பையன் புறவாசல் வழியா உள்ள நுழையறான். பென்ஷன் பணம் அடுக்களையில அரிசி டப்பாவுக்குள்ள இருக்குன்னு அவனுக்குத் தெரியும். (ஆச்சிக்குத் தண்ணி கேன் தூக்கி வைக்கறதே அவன்தான்.) பணத்தை எடுக்கறதுக்குள்ள ஆச்சி திரும்பிடறாங்க. அவன் அடுக்களையை ஒட்டின அரங்குக்குள்ள (சாமான் வைக்கற உள்ளறை), இருட்டுல ஒடுங்கி நிக்கறான். ஆச்சி பருப்பைக் குக்கர்ல வைக்கறாங்க. பூனை வரும்னு புறவாசலைப் பூட்டிச் சாவியை இடுப்புல செருகறாங்க. முன்னாடி பட்டாசல்ல போய் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய ஆரம்பிக்கறாங்க.

இவ்வளவும் முதல் ரெண்டு நிமிஷத்துலயே முடிஞ்சிடும். யாரு, எதுக்கு, எங்க ஒளிஞ்சிருக்கான், எல்லாமே உங்களுக்குத் தெரியும். ஆச்சிக்கு மட்டும் தெரியாது.

பருப்புக்கு மூணு விசில். மூணாவது விசில் வந்ததும் ஆச்சி எழுந்து அடுக்களைக்கு வருவாங்க. இது அவனுக்கும் தெரியும்.

முதல் விசில்.

ரெண்டாவது விசில்.

மூணாவதுக்கு ஆவி ஏறி ஏறி 'சுர்ர்ர்'னு வருது... அப்படியே அடங்கிப் போகுது.

விசில் வரல. அவன் அடுப்பை அணைச்சிட்டான். விசில் வரலைன்னா கிழவி உள்ள வர மாட்டான்னு அவன் கணக்கு. ஆனா ஐம்பது வருஷமா காதாலயே சமைச்ச மனுஷிக்கு, வராத விசில் போதும். ஆச்சி கை கீரையில அப்படியே நிக்குது. படத்தோட மையமே அந்த இடம்தான்.

இப்ப ட்விஸ்ட்டுக்கு வரேன்.

எங்க டிபார்ட்மென்ட்ல அன்னைக்குப் போட்ட த்ரில்லர்கள் எல்லாத்துலயும் ட்விஸ்ட் இருந்துச்சு. நண்பன்னு நினைச்சவன்தான் கொலைகாரன். கொலைகாரன்னு நினைச்சவன் மனநல டாக்டர். கதை சொல்றவனே செத்துப்போனவன். எல்லாமே கனவு. (ஒரு படத்துல கனவுக்குள்ள கனவு.) எடுத்தவங்க எல்லாரும் என் கூடப் படிக்கறவங்க, ராத்திரி பகலா உழைச்சவங்க. ஆனா பார்க்கறவங்க என்ன பண்ணாங்கன்னு நான் பின்வரிசையில உட்கார்ந்து கவனிச்சேன். ரெண்டாவது படத்துலேர்ந்தே யாரும் படம் பார்க்கல. புதிர் போட்டிக்கு விடை எழுதிக்கிட்டு இருந்தாங்க. "அந்த அண்ணன்தான் பாரேன்", "இல்லல, இவளே செத்துப் போயிருப்பா". பயம் எங்க இருக்கு இதுல? மூளை கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கும்போது வயித்துல கலக்கமே வராது.

ஒரு காலத்துல ட்விஸ்ட்ங்கறது வழக்கத்தை உடைக்கற விஷயமா இருந்துச்சு. மாணவர் குறும்படத்துல இன்னைக்கு அதுதான் வழக்கமே. 2012ல 'பீட்சா' வந்துச்சு. குறும்படப் போட்டியிலேர்ந்து வந்த கார்த்திக் சுப்பராஜ் எடுத்தது. 2016ல சின்ன வயசுக்காரரான கார்த்திக் நரேன் 'துருவங்கள் பதினாறு' எடுத்தார். ரெண்டுமே எனக்கு ரொம்பப் பிடிச்ச படம். ஆனா அதைப் பார்த்து வளர்ந்த நாங்க அந்தப் படங்கள்லேர்ந்து எதை எடுத்துக்கிட்டோம்? கடைசி அஞ்சு நிமிஷத்தை மட்டும். அந்தக் கடைசி அஞ்சு நிமிஷம் வேலை செய்யறதுக்காக முன்னாடி ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு காட்சியா அடுக்கினாங்களே, அதை விட்டுட்டோம். பத்து நிமிஷப் படத்துல அப்படி அடுக்க இடமே இல்ல.

ஹிட்ச்காக் 1962ல பிரெஞ்சு டைரக்டர் த்ருஃபோவோட உட்கார்ந்து நாள்கணக்காப் பேசினது பின்னாடி புத்தகமாவே வந்துச்சு. அதுல மேசைக்கு அடியில குண்டு இருக்கற உதாரணம் ஒண்ணு வரும், விஸ்காம் படிச்ச எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். குண்டு இருக்கறது யாருக்குமே தெரியாம திடீர்னு வெடிச்சா பார்க்கறவனுக்குப் பதினஞ்சு நொடி அதிர்ச்சி. குண்டு இருக்கறதும், அது எப்ப வெடிக்கும்ங்கறதும் அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சா, பதினஞ்சு நிமிஷம் நகத்தைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான். மேசையில உட்கார்ந்து இருக்கறவங்க பேசற வெட்டிப்பேச்சு கூட அப்ப திகிலாயிடும்.

எல்லாரும் இதைப் பரீட்சையில எழுதறோம். மார்க்கும் வாங்கறோம். கேமராவைக் கையில எடுத்ததும் குண்டை ஒளிச்சு வெச்சிடறோம்.

எங்க டைரக்டர் (என் கிளாஸ்மேட், ஆச்சி அவனோட சொந்த ஆச்சி) ஸ்கிரிப்ட்டோட முதல் பக்கத்துலயே ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தான்: பார்க்கறவங்ககிட்ட எதையும் மறைக்கக் கூடாது. அதிர்ச்சி ஆச்சிக்குத்தான், நமக்கு இல்ல.

இது புதுசும் இல்ல. பாரதிராஜாவோட 'சிகப்பு ரோஜாக்கள்' 1978. கமல் எப்படிப்பட்டவன்னு நமக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். ஸ்ரீதேவிக்குத் தெரியாது. அந்த இடைவெளியிலதான் படமே ஓடுது. 'பாபநாசம்' எடுத்துக்கோங்க, கொலை நம்ம கண்ணு முன்னாடியே நடந்துடுது. மாட்டுவாங்களா மாட்ட மாட்டாங்களாங்கறதுதான் மிச்சப் படம். (அதுலயும் கடைசியில ஒரு ரகசியம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அது இல்லாமலே அந்தப் படம் நம்மளைக் கட்டிப் போட்டிருக்கும்.)

அப்புறம் விசில். 1931ல ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த 'எம்'. குழந்தைகளைக் கொல்றவன் ஒரு மெட்டை விசிலடிச்சுக்கிட்டே வருவான். முகத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி விசில்தான் நமக்கு வரும். கடைசியில அவனை அடையாளம் கண்டுபிடிக்கறது யாரு? கண்ணு தெரியாத பலூன்காரர். காதால. பேசும்படம் ஜெர்மனிக்கு வந்த புதுசுலயே அந்த மனுஷன் சத்தத்தை இப்படிப் பயன்படுத்தியிருக்கார். சத்தம் என் வேலைங்கறதால அந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அங்க விசில் வந்தா ஆபத்து. எங்க படத்துல விசில் வராம இருந்தா ஆபத்து.

ஆமா, எடிட்டிங்கும் சத்தமும் நான்தான் பார்த்தேன். அதனால இனிமே கொஞ்சம் அளவுக்கு மீறியே பேசுவேன், பொறுத்துக்கோங்க.

ஷூட்டிங்ல குக்கர் நம்ம சொன்ன நேரத்துக்கு விசிலடிக்காது. அதனால படம் பிடிக்கும்போது அடுப்பே பத்த வைக்கல. விசிலைத் தனியா, ராத்திரி தெரு அடங்கினப்புறம், ஃபேனை நிறுத்திட்டு ரெக்கார்ட் பண்ணினோம். பருப்பு போட்டு ஒரு தடவை, வெறும் தண்ணி வெச்சு ஒரு தடவை. வெறும் தண்ணியில விசில் சுத்தமா, கூர்மையா வருது. பருப்புல கொஞ்சம் கரகரப்பா, எச்சில் தெறிக்கற மாதிரி வருது. பருப்பு விசிலைத்தான் வெச்சோம். சமைக்கறவங்க காதுக்கு வித்தியாசம் தெரியும்.

ரெக்கார்டரை அடுப்புக்கிட்ட வெச்சா தப்பு. ஆச்சி பட்டாசல்ல இருக்காங்க, அவங்களுக்குக் கேக்கற மாதிரிதான் நமக்கும் கேக்கணும். அதனால கீரை ஆயற இடத்துலயே, ஆச்சி காது உயரத்துல மைக் வெச்சோம். நடுவுல சுவர், நடை, ஒரு கதவு. எல்லாம் தாண்டி வர்ற சத்தம். அரங்குக்குள்ள அவன் நிக்கற ஷாட்டுக்கு மட்டும் பக்கத்துல வெச்சு எடுத்தது. அங்க விசில் காதைக் கிழிக்கும். ஒரே விசில், ரெண்டு பேருக்கு ரெண்டு விதமா.

மூணாவது விசில் வராத இடத்துல நிசப்தம் வேணும். டைம்லைன்ல எல்லா சத்தத்தையும் எடுத்துட்டு வெறுமையா விட்டுப் பார்த்தோம். பார்த்த நண்பர்கள் எல்லாரும் ஸ்பீக்கர் வயரைத் திரும்பிப் பார்த்தாங்க! வெறுமை வேற, நிசப்தம் வேற. வீட்டுக்குள்ள யாரும் பேசாம, அசையாம நின்னு, அந்த வீட்டோட சத்தத்தை மட்டும் ரெக்கார்ட் பண்ணினோம். தூரத்துல ஒரு காக்கா, எதிர்வீட்டு மோட்டார், ஓட்டுல ஏதோ அணில். அதை அடியில போட்டதும்தான் நிசப்தம் நிசப்தமாச்சு. ஆவி அடங்கினதுக்கப்புறம் ஃபேன் 'டக் டக்'னு ஆடற சத்தம் மட்டும் கொஞ்சம் மேல ஏறும். அவ்வளவுதான்.

முதல் கட்ல நான் பின்னணி இசை போட்டிருந்தேன். எல்லாரும் போடற அந்த அடித்தொண்டை 'ம்ம்ம்ம்', அப்புறம் படிப்படியா ஏறற வயலின். எடுத்துட்டுப் பார்த்தா படம் இன்னும் பயமா இருந்துச்சு. காரணம் எளிமையானதுதான். இசை ஓடிக்கிட்டிருந்தா குக்கர் ஆவி அடங்கறது காதுலயே விழாது. 'சைக்கோ'வோட குளியலறைக் காட்சிக்கு முதல்ல இசையே வேண்டாம்னுதான் ஹிட்ச்காக் நினைச்சிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களை வெச்சு வாசிச்சுக் காமிச்சப்புறம் மனசு மாறினார். அங்க அது சரி. ஆனா அதே ரெண்டு பேரும் சேர்ந்து 1959ல பண்ணின 'நார்த் பை நார்த்வெஸ்ட்'ல, விமானம் துரத்தற காட்சி முழுக்க இசை கிடையாது. விமானம் போய் டேங்கர்ல மோதினதுக்கப்புறம்தான் இசையே வரும். அதுவரைக்கும் என்ஜின் சத்தம்தான் இசை.

அந்தக் காட்சி இன்னொரு விஷயத்துக்கும் எங்களுக்குத் துணையா நின்னுச்சு. வெயில்.

த்ரில்லர்னா ராத்திரி, மழை, சந்து, எரிஞ்சு எரிஞ்சு அணையற ட்யூப்லைட். ஹிட்ச்காக் வேணும்னே எதிரா யோசிச்சு ஹீரோவைப் பட்டப்பகல்ல, மறைய ஒரு மரம் கூட இல்லாத வெட்டவெளியில நிறுத்தினார். ஸ்பீல்பெர்க்கோட 'டுயல்' (1971) கூட வெயில்லதான், நெடுஞ்சாலையில. எங்க படம் காலையில பதினோரு மணிக்கு நடக்குது. எங்க கேமராமேன் பகலை எடுத்துட்டுக் கம்ப்யூட்டர்ல நீலமாக்கிடலாம்னு சொன்னான். ஆக்கியும் பார்த்தோம். முருங்கைக்கீரை சாம்பல் கலராயிடுச்சு! பார்க்கவே ஏதோ வாடின மாதிரி. ஆச்சி கையில பச்சைப் பசேல்னு கீரை இருந்தாத்தான் அந்த வீடு வீடா இருக்கும். வீடா இருந்தாத்தான் உள்ள ஒருத்தன் நிக்கறது பயமா இருக்கும். நீலத்தை எடுத்துட்டோம்.

(கீரைன்னதும் ஞாபகம் வருது. ஷாட்டுகளை வரிசைப்படி எடுக்கல. அதனால ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஆய்ஞ்ச இலைக் குவியல் எவ்வளவு, காம்புக் குவியல் எவ்வளவுன்னு போன்ல ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கணும். படத்துல கடிகாரமே கிடையாது. விசிலும் கீரையும்தான் நேரம். அடுத்த ஷாட்டுல குவியல் குறைஞ்சிட்டா நேரம் பின்னாடி போயிடும்.)

எல்லா வழக்கத்தையும் நாங்க தூக்கிப் போட்டோம்னு நினைச்சுடாதீங்க. பூட்டின வீடு, ஒரே வழி, நெருங்கிக்கிட்டே வர்ற நேரம், சாவியோட க்ளோஸ்-அப், அடுப்புத் திருகோட க்ளோஸ்-அப், எல்லாம் த்ரில்லரோட பழைய சொத்து. அப்படியே வெச்சுக்கிட்டோம். சாவி இடுப்புக்குப் போறதைத் தெளிவாக் காட்டலைன்னா அவன் புறவாசல் வழியா ஓடிடலாமேன்னு யாராவது கேப்பாங்க, பயம் அங்கயே செத்துடும். வழக்கத்தை ஒழுங்காச் செய்யத் தெரிஞ்ச இடத்துலதான் அதை மீறினா மீறினதாவே தெரியும்.

மாத்தியே ஆகணும்னு நான் பிடிவாதமா நின்னது ஒரே விஷயத்துக்கு. செத்துக் கிடக்கற பொண்ணு.

எத்தனை த்ரில்லர்! ஆரம்பிக்கும்போதே ஒரு பொண்ணோட பிணம். இல்லைன்னா கட்டிப் போட்ட பொண்ணு, அலறிக்கிட்டு ஓடற பொண்ணு. பெரிய படங்கள்தான் அப்படின்னா, காலேஜ் பசங்க எடுக்கற பத்து நிமிஷப் படத்துலயும் கூடப் படிக்கற பொண்ணுக்குச் சிவப்புச் சாயம் பூசித் தரையில படுக்க வைக்கறாங்க. அவளுக்குப் பேர் கூட இருக்காது. என்னால இதுக்கு மேல அதைப் பார்க்க முடியல. பயத்துக்கு ஒரு பொண்ணோட உடம்புதான் வேணும்னா, நம்ம கையில வேற எதுவுமே இல்லைன்னு அர்த்தம்.

ஆனா எங்க ஸ்கிரிப்ட்டுலயும் ஒரு பழைய வழக்கம் ஒளிஞ்சு உட்கார்ந்திருந்துச்சு. விசில் வரலைன்னதும் ஆச்சி அரிவாள்மனையைக் கையில எடுத்துக்கிட்டு மெதுவா அடுக்களையை நோக்கி நடக்கறாங்க, கேமரா பின்னாடியே போகுதுன்னு டைரக்டர் எழுதியிருந்தான். கேமராமேன் அந்த ஷாட்டுக்காகவே காத்துக்கிட்டிருந்தான்.

ஆச்சிக்குக் காட்சியைச் சொன்னோம். அவங்க நிஜமாவே புரியாம கேட்டாங்க:

"ஏல, நான் எதுக்கு உள்ள போறேன்?"

"விசில் வரலல்லா ஆச்சி, யாரோ இருக்கான்னு தெரிஞ்சு போச்சு உங்களுக்கு."

"தெரிஞ்சு போச்சுன்னா எவளாவது உள்ள போவாளா? வெளிய வந்து கொண்டியப் போட்டுட்டு நாலு பேரக் கூப்பிட மாட்டாளா?"

யாரும் எதுவும் பேசல. உலகத்துல இருக்கற அத்தனை த்ரில்லரிலும் சத்தம் வந்த பக்கமே போற அத்தனை பேரையும் நினைச்சுப் பாருங்க. ஆச்சி ஒரே வாக்கியத்துல பதில் சொல்லிட்டாங்க. டைரக்டர் அந்தப் பக்கத்தை அங்கயே கிழிச்சான். இப்ப படத்துல ஆச்சி கீரைச் சுளகை எடுத்துக்கிட்டு, சத்தமே இல்லாம எழுந்து, நடை தாண்டி, வாசக்கதவைச் சாத்தி, வெளிக்கொண்டியைப் போடறாங்க. அந்தக் கொண்டி சத்தம் மட்டும் படத்துலயே பெரிசு. அதை நான் கூட்டித்தான் வெச்சேன்.

இன்னொரு பரிசு நடிகன்கிட்டேர்ந்து வந்துச்சு. பக்கத்து வீட்டுப் பையனா நடிச்சவன், திருட வர்ற ஷாட்டுல, வாசப்படியில செருப்பைக் கழட்டினான். பழக்கதோஷம். டைரக்டர் கட் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள அவனுக்கே தோணி, செருப்பை வெளிய விட்டா மாட்டிக்குவோம்னு கையில எடுத்துக்கிட்டு உள்ள போனான். அந்த ஷாட்டையே வெச்சோம். அதுக்கப்புறம் படம் முழுக்க அவன் கையில செருப்பு. அரங்குக்குள்ள இருட்டுல செருப்பை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கறான். வில்லன்னா கண்ணை உருட்டணும், கோணச் சிரிப்பு சிரிக்கணும்னு ஒரு வழக்கம் இருக்குல்ல? இவனைப் பார்த்தா நம்ம தெருப் பையன். மரியாதை தெரிஞ்ச பையன். அவன் மேலயும் ஒரு பரிதாபம் வருது, மாட்டிக்குவானோன்னு நமக்கே பதறுது. ஆச்சிக்காகவும் பயம், அவனுக்காகவும் பயம். ஸ்கிரிப்ட்டுல இது இல்லவே இல்ல.

இப்ப எங்களுக்குள்ள ஒரே ஒரு சண்டை மிச்சம் இருக்கு. வெளிப் போட்டிகளுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி தீர்த்தாகணும்.

கொண்டி போட்டதும் ஆச்சி திண்ணையில உட்கார்ந்து மிச்சக் கீரையை ஆயணும், அதோட படம் முடியணும். ஆனா ஒரு டேக்ல, யாரும் சொல்லாமலே, ஆச்சி கதவுப் பக்கம் திரும்பி, "ஏல, சிலிண்டரையும் மூடிரு"ன்னுட்டாங்க. கோபமே இல்லாம, தினமும் சொல்ற மாதிரி.

டைரக்டர் அதை வைக்கணும்ங்கறான். அந்த ஒரு வரியில ஆச்சிக்கு உள்ள இருக்கறது யாருன்னே தெரிஞ்சிருக்கலாம்னு தோணிடுது, பார்க்கறவங்க சிலிர்த்துப் போவாங்கன்னு சொல்றான். எனக்கும் அந்த வரி ரொம்பப் பிடிக்கும். ஆனா அது தெரியறதும் கடைசி நொடியில வர்ற ஒரு ரகசியம்தானே? நாங்க வேண்டாம்னு ஒட்டி வெச்ச முதல் பக்கத்து வரி என்னாகறது?

அவன் திருப்பிக் கேக்கறான்: "இதுல யாரையும் ஏமாத்தலையே. ஆச்சிக்கு யாருன்னு தெரியாதுன்னு நாம எங்கயாவது சொன்னோமா?"

இதுக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்ல. ரெண்டு கட்டும் தயாரா இருக்கு. பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கறவங்க வந்தா ரெண்டையும் போட்டுக் காமிக்கறேன், எது சரின்னு சொல்லுங்க. த்ரில்லர் எடுக்கப் போற ஜூனியர் பசங்களுக்குக் குக்கர் சத்தம் வேணும்னாலும் கேளுங்க. பருப்பு விசில், வெறும் தண்ணி விசில், பாதியில அடங்கற ஆவி, எல்லாத்தையும் தனித்தனியா வெட்டி வெச்சிருக்கேன்.